சாண்ட்ரா ஓ 2018இல் எம்மி வென்றாரா?

'கில்லிங் ஈவ்' தொடருக்காக 2018இல் சிறந்த நடிகைக்கான எம்மி விருதை (அமெரிக்கத் தொலைக்காட்சி விருது) கனடா நடிகை சாண்ட்ரா ஓ வென்றதாக ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு. நாடகத் தொடர் நாயகிகளுக்கான அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஆசிய வம்சாவளிப் பெண் அவர். அதுவே பெரிய சாதனைதான். ஆனால் விருது 'தி கிரவுன்' நாயகி கிளேர் ஃபாய்க்குப் போனது. அடுத்த ஆண்டும் சாண்ட்ராவுக்குப் பரிந்துரையோடு சரி. வென்றவர், அதே தொடரில் அவருடன் நடித்த ஜோடி கோமர்.

இந்தத் தொடருக்காக சாண்ட்ரா வாங்கியது, திரைப்படம், தொலைக்காட்சி இரண்டுக்கும் தரப்படும் இன்னொரு அமெரிக்க விருதான கோல்டன் குளோப், 2019 ஜனவரி 6 அன்று. மேடையில் நின்றபடி, அரங்கில் இருந்த பெற்றோரைக் குனிந்து வணங்கி, கொரிய மொழியில் அன்பைச் சொன்னார்.

இந்தத் தகவலோடு புகைப்படம் வந்தால், அதிலுள்ள விருதுச் சிலையைப் பாருங்கள்: சிறகுள்ள பெண் அணுவை ஏந்தியிருந்தால் எம்மி, உலக உருண்டை என்றால் கோல்டன் குளோப்.