ஏற்ற பள்ளிக்கூடத்தைத் தேடி அலையும் வன்னிப் பெற்றோருக்கு

பேச்சுப் பிந்திய பிள்ளை, ஓட்டிசம் உள்ள பிள்ளை, ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளை, எழுத்துப் பிடிபடாமல் திணறும் பிள்ளை என்று வன்னியில் எந்தப் பிள்ளையின் தாயைச் சந்தித்தாலும், அவர் முதலில் கேட்பது “இவனுக்கு எந்தப் பள்ளிக்கூடம் நல்லது?” என்பதைத்தான். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ தன் பிள்ளைக்கென்றே ஓர் இடம் இருக்கும், அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஓட்டிசம் உள்ள ஒரு மகனின் தாயாக, கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றில் இருந்து இதை எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ஏற்றது, நடந்தோ சைக்கிளிலோ போய்வரக்கூடிய ஊர்ப் பள்ளிக்கூடம்தான் என்பதும், தேவையான உதவிதான் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தேடி வரவேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து என்றால் நூறையும் தாண்டிவிடும். துணுக்காய்ப் பக்கத்து உட்கிராமங்களில் இருப்பவர்கள் ஏ9 வீதிக்கு வந்து சேர்வதற்கே பஸ் பார்த்துக் காத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கொண்டாவிலில் இயங்கும் சிவபூமி போன்ற சிறப்புப் பாடசாலைகளின் பணியை நான் மிகவும் மதிக்கிறேன். நாள் முழுவதும் நெருங்கிய கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைகளுக்கு அத்தகைய இடங்கள் அவசியம். ஆனால் அன்றாடம் போய்வர முடியாத தூரத்தில் ஓர் இடத்தைத் தெரிவுசெய்வதென்றால், பிள்ளையைப் பிரிந்திருக்க வேண்டும், அல்லது குடும்பத்தோடு குடிபெயர வேண்டும். 2009க்கு முன்னும் பின்னும் இடம்பெயர்ந்து களைத்துப்போய், ஒரு துண்டுக் காணியில் இப்போதுதான் காலூன்றிய குடும்பங்களிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. அதைவிட முக்கியமான இன்னொன்றும் இருக்கிறது. வெளியூரில் வளர்ந்து பதினாறு வயதில் திரும்பி வரும் பிள்ளைக்கு, ஊரில் தன்னோடு படித்தவர் என்று ஒருவருமே இருக்கமாட்டார். கடைக்காரருக்கும் பஸ் நடத்துநருக்கும் பக்கத்து வீட்டு இளைஞருக்கும் அவன் புதியவனாகவே இருப்பான்.

என் மகனைத் தரம் 1இல் சேர்க்கப் போன முதற் பாடசாலையில், “இஞ்ச அதுக்குப் படிச்ச ரீச்சர் இல்லையம்மா, வேற இடம் பாருங்கோ” என்று கந்தோர் வாசலிலேயே பேச்சை முடித்துவிட்டார்கள். இவ்வாறு திருப்பி அனுப்பப்படும் பெற்றோர் பலர், அது சட்டப்படி சரியென்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அது சரியல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனமொன்றில் அனுமதி தர மறுப்பதைத் தடைசெய்கிறது. 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று நாட்டில் விதி இருக்கிறது. எங்கள் பிள்ளைகளும் அந்த வயதுப் பிள்ளைகள்தான். ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 24ஆவது உறுப்புரை, ஏனைய பிள்ளைகளோடு சேர்ந்து கற்கும் உரிமையைப் பற்றியது. அதிபரோடு சண்டை பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. மறுப்பை எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேட்டுவிட்டு, வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரைச் சந்திப்பதற்குப் பெற்றோருக்கு முழு உரிமை இருக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

பாடசாலைகளைவிட அதிகமாக எங்கள் பிள்ளைகளின் காலத்தை வீணாக்குவது “வளர வளரச் சரிவரும்” என்ற ஆறுதல். பேச்சு வராத பிள்ளையைப் பார்த்து, “சண்டைக்குள்ள பட்ட பயம்தான் பிள்ளையில தங்கியிருக்கு” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இன்று ஆரம்பப் பிரிவில் இருக்கும் பிள்ளைகள் யுத்தம் முடிந்து பல ஆண்டுகளின் பின் பிறந்தவர்கள். எங்கள் துயரம் பெரியதுதான். ஆனாலும் எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டால், பிள்ளையைச் சோதிக்க வேண்டிய நேரத்தில் நாங்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்போம். பேச்சுப் பிந்தினால் முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, விரும்பியதை விரலால் சுட்டிக் காட்டாத பிள்ளை என்றால், கிளினிக் கொப்பியோடு குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள். அதேவேளை, வைத்திய அறிக்கை கைக்கு வரும்வரை பள்ளிக்கூடத்தைத் தள்ளிப்போடவும் கூடாது.

விசேட கல்வி அலகு, அதாவது இப்படியான பிள்ளைகளுக்கென்று சாதாரண பாடசாலைக்குள்ளேயே நடக்கும் தனி வகுப்பு, உள்ள பாடசாலை கிட்ட இருந்தால் நல்லதுதான், ஆனால் அலகு இருப்பது மட்டும் போதாது. நன்றாக நடக்கும் அலகில், பிள்ளை கணிதத்துக்கும் தமிழுக்கும் அங்கே தனிக் கவனம் பெற்று, சித்திரத்துக்கும் விளையாட்டுக்கும் தன் வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் போய் இருக்கும். அப்படி நடக்காத இடங்களில், காது கேளாத பிள்ளையும் வாசிப்பு மட்டும் வராத பிள்ளையும் வயது வேறுபாடின்றி ஒரே அறையில் ஆண்டுக்கணக்காக நிறம் தீட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் எவ்வளவு நேரம் பொது வகுப்பில் இருப்பான், இந்தத் தவணைக்குள் என்ன பழக்கப்போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்த ஆசிரியரிடம் பிள்ளையை நம்பி விடலாம்.

என் மகனின் இப்போதைய வகுப்பாசிரியை விசேட கல்வி கற்றவர் அல்லர். மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டில் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவதை முதல் வாரத்திலேயே அவர் கவனித்தார். இடைவேளைக்குச் சற்று முன்னர், வரவு இடாப்பைக் கொடுத்து, மறுபக்கக் கட்டடத்தில் இருக்கும் கந்தோருக்கு அவனை ஒரு தோழனோடு அனுப்பத் தொடங்கினார். பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் கொப்பி, தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி, புத்தகப்பை என்று வரிசையாகப் படம் கீறி, அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதைச் சுவரில் ஒட்டினார். பாடசாலையில் தரும் சோறும் கறியும் கலந்த உணவை அவன் தொடமாட்டான் என்பதால், வீட்டுச் சாப்பாட்டை மற்றப் பிள்ளைகளோடு இருந்து சாப்பிட விட்டார். இவற்றுக்கு ஒரு ரூபாயும் செலவாகவில்லை. மேசைக்கடியில் போவது நின்றது. அதன் பிறகுதான் அவன் எழுத்துக்களைப் பார்க்கத் தொடங்கினான்.

அதற்காக ஆசிரியர்களின் நல்ல மனத்தை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாது. பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களுக்கான பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் நடக்கிறது. அங்கே படித்துத் தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் மிகக் குறைவு. பேச்சைப் பழக்கும் வேலையைப் பிள்ளையின் சொந்த மொழியில்தான் செய்ய முடியும். எப்போதாவது கிடைக்கும் அரைமணி நேரக் கிளினிக்கில் தாய்க்குச் சொல்லப்படுவது, வாரத்தில் ஐந்து நாளும் பிள்ளையோடு இருக்கும் ஆசிரியருக்குத் தெரியாமலே போகிறது. துணுக்காய், மடு, வவுனியா வடக்கு போன்ற வலயங்களில் நாள் குறித்துப் பாடசாலைகளுக்கே சிகிச்சையாளர் ஒருவர் வந்து, ஆசிரியரோடும் தாயோடும் ஒன்றாக இருந்து பேச வேண்டும். மாகாணக் கல்வித் திணைக்களமும் சுகாதாரத் திணைக்களமும் சேர்ந்தால் செய்யக்கூடிய காரியம் இது. நாங்கள் கூட்டாகக் கேட்காதவரை அது நடக்காது.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய பிள்ளையானதும் பாதுகாப்பைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பயம் உண்மையானது. ஆனால் “வேண்டாம்” என்று சொல்லவும் நடந்ததைச் சொல்லவும் பழகிய பிள்ளையே பாதுகாப்பான பிள்ளை, அதைப் பழகப் பள்ளிக்கூடம் வேண்டும்.

தரம் 1க்கான விண்ணப்பங்களை வழமையாக முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கோருவார்கள். அதற்கு முன்பே அதிபரையும் வகுப்பாசிரியரையும் ஒருமுறை சந்தித்துவிடுங்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படும், தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்கும், அழுதால் எது ஆற்றும் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு தவணைக்கும் என்ன செய்வதாகப் பேசினீர்களோ அதையும் எழுதி, திகதி போட்டு, இரு தரப்பும் கையெழுத்து வைத்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்திருங்கள். ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனாலும், அடுத்து வருபவரிடம் கொடுக்க அந்தத் தாள் இருக்கும்.