பினே டெஸ்ட் வந்தது எதுக்கு?
ஃப்ரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃப்ரெட் பினே குழந்தைங்களுக்கு அறிவு டெஸ்ட் போட்டதே பிறவி அறிவ அளந்து தகுதி உள்ளவன் இல்லாதவன்னு பிரிக்கத்தான்னு மேல ஒருத்தர் போட்டிருக்காரு. அது அப்படி இல்லங்க. 1904ல பிரான்ஸ் கல்வி அமைச்சகம் ஒரு கமிஷன் போட்டுச்சு, சாதாரண வகுப்புல திணர்ற பசங்களக் கண்டுபிடிச்சு தனியா சொல்லிக் குடுக்குறது எப்படின்னு, அதுக்காகத்தான் அவரும் கூட வேலை பாத்த தியோடர் சிமோனும் 1905ல அந்த டெஸ்டோட 30 பயிற்சியையும் போட்டாங்க. முதல் பயிற்சி என்னன்னா எரியிற தீக்குச்சி நகர்றத குழந்தையோட கண்ணு பின்தொடருதான்னு பாக்குறது, இன்னொன்னு சாக்லேட்டையும் மரத்துண்டையும் வச்சு எது திங்கிறதுன்னு தெரியுதான்னு. இத வச்சு யாரோட மெரிட்ட சார் அளக்க முடியும்? மன வயச நிஜ வயசால வகுக்குற ஐக்யூங்கிற கணக்கே ஜெர்மன் உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் 1912ல சொன்னது, பினே 1911லயே இறந்துட்டாரு. பிறவிலயே வர்றது, மாறாதுன்னு இந்த டெஸ்ட்ட வச்சுப் பேசுனது அமெரிக்கால காடார்ட், டெர்மன் மாதிரி உளவியலாளருங்கதான்.

செக் பண்றது ஈஸி, பினேவும் சிமோனும் எழுதுன 1905 கட்டுரை பெர்சேங்கிற ஃப்ரெஞ்சு ஆய்விதழ் சைட்ல ஃப்ரீயா கெடக்கு, ஃப்ரெஞ்சு வராதுன்னா 1916ல வந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இருக்கு. குழந்தையோட இப்போதைய நிலைய மட்டும்தான் பாக்குறோம், அதோட எதிர்காலம் எங்க வேலை இல்லன்னு கட்டுரை ஆரம்பத்துலயே அவங்களே எழுதிருக்காங்க.