சவப்பெட்டிக் கடையிலும் சிரிப்பு உண்டு
ஒரு கதையில் பிணவறை ஊழியனும் கடன் வசூலிக்கும் பெண்ணும் சாவைப் பற்றிச் சிரித்துப் பேசியே காதலிப்பது நம்பும்படி இல்லை என்று, அதைப் பற்றிய கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். என்னால் நன்றாகவே நம்ப முடிகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் என் சித்தப்பா சவப்பெட்டிக் கடை வைத்திருந்தார். பெண் பார்க்கப் போன வீடுகளில் தொழிலைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடும். சித்தி மகளிர் குழுக்களில் வாரக் கடன் வசூலித்தவர். அவர் ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துவார்கள், "அம்மா இல்லை" என்று பிள்ளை வந்து சொல்லும். எங்கள் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. அப்படி ஒரு ஜூன் மழைக்குத்தான் சித்தி அந்தக் கடையில் ஒதுங்கினார். பெட்டியின் உள்பக்கம் வெள்ளைத் துணி வைத்துச் சின்ன ஆணியாக அடித்துக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்து பார்த்து, "நீங்க அஞ்சேகால் அடியாக்கும்" என்றாராம். "பாக்கியெல்லாம் பிரிச்சிட்டு வாறேன், பெறவு அளவெடுங்க" என்றாராம் சித்தி. அதுதான் ஆரம்பம். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், இந்தச் சிரிப்பெல்லாம் இறந்தவர்களை அவமதிப்பது இல்லையா என்று கேட்டிருக்கிறார். இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கடலுக்குப் போன எங்கள் மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. அப்புறம் பல வாரங்கள் அந்த வீட்டில் ஒரு கேலிப் பேச்சுகூடக் கேட்கவில்லை. கடை முன்னால் அடுக்கியிருந்த பெட்டிகளை இரண்டு பேருமாகத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள், பஸ்ஸில் போகும் கடற்கரை ஊர்க்காரர்கள் கண்ணில் படக் கூடாது என்று.