கிராபிக்ஸை அளவுகோலாக வைக்காதீர்கள்

புதிய கேம்களில் படத்தின் தரம் மட்டுமே வளர்கிறது, புதுமை இல்லை என்கிறது ஒரு கட்டுரை. இது பாதிதான் சரி. ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டுப் படத்தை நிஜம்போல் காட்டும் ரே டிரேசிங் வந்ததால் எந்த விளையாட்டின் விதியும் மாறிவிடவில்லை, உண்மைதான். ஆனால் புதுமையைத் தேட வேண்டிய இடம் விதிகள்.

2017-இல் வந்த 'செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்' கேமை எடுத்துக்கொள்ளுங்கள். நெருப்பு, நீர், மின்சாரம் போன்றவை ஒரு வகை. மரம், இரும்பு போன்ற பொருட்கள் இன்னொரு வகை. முதல் வகை பொருளின் நிலையை மாற்றும், தங்களுக்குள்ளும் மாற்றிக்கொள்ளும். பொருளால் இன்னொரு பொருளின் நிலையை மாற்ற முடியாது. அவ்வளவுதான் விதி. புல்லில் தீ வைத்தால் மேலெழும் காற்றில் பறக்கலாம், இடிமழையில் இரும்பு வாளோடு நின்றால் மின்னல் தாக்கும்.

இதைப் பலர் செய்யாததற்குக் காரணம் சோம்பல் அல்ல, சோதனைச் செலவு. 20 பொருட்களுக்குத் தனித்தனியாக விதி எழுதினால் 190 ஜோடிகளைச் சரிபார்க்க வேண்டும். 40 என்றால் 780. வகை பிரித்து எழுதினால் ஜோடிக்கொரு விதி எழுதும் வேலை குறையும். ஆனால் வடிவமைப்பாளர் நினைக்காத வழியில் ஆட்டக்காரர் புதிரைத் தாண்டிவிடுவார். அதை அனுமதிக்கும் துணிச்சல் பெரிய பட்ஜெட்டில் அரிது.

புதுமையைத் தடுக்கும் காரணமாகக் காப்புரிமையையும் கட்டுரை சேர்த்திருக்க வேண்டும். 'ஷேடோ ஆஃப் மோர்டார்' (2014) கேமில் எதிரிகள் நம்மை நினைவில் வைத்துப் பழிவாங்கும் நெமிசிஸ் முறைக்கு வார்னர் பிரதர்ஸ் 2021-இல் காப்புரிமை பெற்றது. அருமையான யோசனை, மற்றவர்கள் தொடத் தயங்குகிறார்கள்.