லேப்டாப் கம்பெனிக்காரங்களே, உங்க நோட்பேடு திரையில குதிக்கிறதுக்கு முன்னாடி மெமரியில ஒரே ஒரு பைட்டைப் பாத்துட்டு வரக்கூடாதா?

நான் அடிச்ச நாலு பக்கம் போச்சு. இப்பத்தான், அஞ்சு நிமிஷம்கூட ஆகல.

பழைய லேப்டாப், டாஸ்ங்கிற அந்தக் காலத்து ஆபரேட்டிங் சிஸ்டம். ஃபிளாப்பியில சேவ் ஆகிட்டிருக்கு, விளக்கு எரியுது, கரகரன்னு சத்தம். அந்த நேரத்துல ஒரு நம்பரைக் குறிச்சு வைக்க, மெஷினோடவே வந்த பாப்-அப் நோட்பேடைக் கூப்பிட்டேன். ரெண்டு ஷிப்டையும் சேர்த்து அமுக்கினேன். அது தப்பா? எப்ப வேணா கூப்பிடலாம்னுதானே அதை மெமரியில குந்த வச்சிருக்கீங்க!

வந்துச்சு. என் எழுத்துக்கு மேல ரெட்டைக்கோடு போட்ட கட்டம். நம்பரை அடிச்சேன். எஸ்கேப் அமுக்கினேன். கட்டம் போகல. திரும்ப எஸ்கேப். போகல. கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட். அதுக்கும் அசையல. ஃபிளாப்பி விளக்கு அணையல. கர்சர் மட்டும் சிமிட்டிக்கிட்டே இருக்கு. (அதைப் பாத்து உயிர் இருக்குன்னு நம்பிடாதீங்க, சிமிட்டுறது வீடியோ சிப்.)

டாஸுக்கு ஒரு நேரத்துல ஒரு வேலைதான் தெரியும். ஒருத்தன் வேலை உள்ள ஓடிட்டிருக்கும்போது இன்னொருத்தன் இண்டரப்ட் 21 (டாஸை வேலைக்குக் கூப்பிடுற அழைப்பு) போட்டா, திரும்பிப் போற வழியைக் குறிச்சு வச்சிருக்கிற அதே ஸ்டாக் மேலயே எழுதிடும். முன்னாடி போனவன் திரும்பி வர வழியே அழிஞ்சிடும். அதுக்காகத்தான், டாஸ் இப்ப வேலையில இருக்கான்னு காட்ட, இன்டாஸ்னு ஒரு பைட் இருக்கு. ஒரே பைட்! பூஜ்யமா இருந்தா உள்ள வா, இல்லேன்னா வாசல்லயே நில்லு. இண்டரப்ட் 9ல (கீ அமுக்கினா வர்ற சிக்னல்) கீயைப் பிடிச்சதும் குதிக்காம, கூப்பிட்டாங்கன்னு ஒரு அடையாளம் மட்டும் போட்டு வை. டைமர் நொடிக்கு 18.2 தடவை தட்டுது. ஒவ்வொரு தட்டுக்கும் அந்த பைட்டைப் பாரு. பூஜ்யமானதும் வா. ரெண்டு நொடி லேட்டா வந்தா நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?

எவனோ எழுதி எங்கிருந்தோ வந்த புரோகிராம்னா மனசை ஆத்திக்கலாம். மெஷின் உங்களது, அதுக்குள்ள இருக்கிற ரோம் சிப் உங்களது, நோட்பேடும் உங்களது! இருக்கிற 640 கேபியில அதுக்கு நிரந்தரமா இடம் வேற குடுத்திருக்கேன். என் நாலு பக்கத்துக்கு அதே மெமரியில பாதுகாப்பு இல்ல.

வேற வழியில்லாம ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். இன்னைக்கு செவ்வாய், 1-01-1980னு சொல்லி, புதுத் தேதி கேக்குது. ஆஃப்ல இருக்கும்போதும் தேதியைக் காப்பாத்த வேண்டிய அந்த சிமோஸ் பேட்டரியைக் கழட்டவே முடியாதபடி போர்டுல ஈயம் வச்சுப் பத்தவச்சவன் எவன்டா? கசிஞ்சு, பச்சை பூத்து, பக்கத்துல இருக்கிற செம்புக் கோடுகளையெல்லாம் அரிச்சுத் தின்னுட்டிருக்கு!