கோழிக்கு ஏது பல்?

(மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டின் பின்புறம். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் முனியாண்டி, கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி, ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அதன் கழுத்தடியில் கோடாலித் தைலம் தேய்க்கிறார். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு லெட்சுமி.)

லெட்சுமி: அண்ணே, உங்கள் கோழிகள் இரண்டு வாரமாக என் வேலிக்குள் புகுந்து கத்தரிச் செடிகளைக் கிளறுகின்றன என்று சண்டை போட வந்தேன், நீங்கள் செய்யும் வைத்தியத்தைப் பார்த்ததும் சண்டை மறந்துபோயிற்று.

முனியாண்டி: நெஞ்சின் வலப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி, தங்கச்சி. மாலையானால் வீங்குகிறது. இதைத் தேய்த்துவிட்டால் காலையில் இருந்த இடம் தெரிவதில்லை. தைலத்தின் மகிமை அப்படி!

லெட்சுமி: தைலம் தேய்க்காவிட்டாலும் வற்றத்தான் செய்யும். அது தீனிப்பை, அண்ணே. அடையப் போகுமுன் கோழி அவசர அவசரமாகக் கொத்தி விழுங்கியதையெல்லாம் அதில் சேர்த்து வைத்துக்கொண்டு, இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கும். விடிந்த பிறகும் இறுகிக் கிடந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

முனியாண்டி: இன்னொரு கவலையும் இருந்தது. இவை கல்லைத் தின்கின்றன! நான் பட்டினி போடுவதாக ஊர் பேசுமே என்று வெட்கப்பட்டு, சல்லடையும் கையுமாக உட்கார்ந்து, மூன்று நாள் இந்த மண்ணைச் சலித்துக் கல்லையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டேன்.

லெட்சுமி: கோழியின் பல்லைப் பிடுங்கிவிட்டு அதைப் பெருமையாக வேறு சொல்கிறீர்களே!

முனியாண்டி: கோழிக்கு ஏது பல்?

லெட்சுமி: இல்லாததால்தான் கல். இரை முதலில் அமிலம் சுரக்கும் சிறிய இரைப்பையில் நனைந்து, பிறகு அரைவைப்பைக்குப் போகிறது. கோழி அறுக்கும்போது உள்ளே மஞ்சள் தோலும் மண்ணுமாக, கெட்டியாக ஒன்று வருமே, குழம்பில் நீங்கள் தேடித் தேடித் தின்பீர்களே, அதுதான். அந்தத் தசை இறுக்கிப் பிசையும்போது, கோழி விழுங்கிய கற்கள் ஆட்டுக்கல்லைப்போல இரையை அரைத்துவிடுகின்றன. கடைத் தீவனம் மட்டும் என்றால் கல் இல்லாமலும் சமாளிக்கும். நீங்களோ முழுச் சோளமும் புல்லும் அல்லவா போடுகிறீர்கள்!

முனியாண்டி: நான் இரவில் பல்செட்டைக் கழற்றித் தம்ளரில் போடுகிறேன், இவை வயிற்றிலேயே வைத்திருக்கின்றனவா? ஆனால் சிப்பி ஓட்டை நொறுக்கிப் போடுகிறேனே, அது போதாதா?

லெட்சுமி: அது அமிலத்தில் கரைந்து முட்டை ஓட்டுக்குப் போய்விடும். ஓர் ஓட்டுக்கே ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டுமே. அரைப்பதற்கு எளிதில் கரையாத கருங்கல் துணுக்குதான் வேண்டும். அந்தக் கற்களை எங்கே கொட்டினீர்கள்?

முனியாண்டி: (தைலப் போத்தலை மெதுவாக மூடிக்கொண்டு) இரண்டு வாரத்துக்கு முன்பு... வேலிக்கு அந்தப் பக்கம்... கத்தரிச் செடிகளின் அடியில் இடம் காலியாக இருந்தது, தங்கச்சி.

லெட்சுமி: சல்லடையை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வாருங்கள், அண்ணே.