ஒதுக்கீடு வேறு, கட்டடம் வேறு

"பட்ஜெட்டில் கல்விக்கு இவ்வளவு கோடி ஒதுக்கியாச்சு, மலையகப் பள்ளிக்கூடங்களுக்கு இனி மாடிக் கட்டடம்தான்" என்று மேலே ஒருவர் போட்டிருக்கிறார். இலங்கைப் பட்ஜெட்டின் கணக்கு அப்படி இல்லை. கல்வித் தொகையில் பெரும்பங்கு சம்பளம், சீருடை, பாடநூல் போன்ற மீண்டெழும் செலவுக்கே, அதாவது வருடா வருடம் திரும்ப வரும் செலவுக்கே போய்விடும். கட்டடத்துக்கானது மூலதனச் செலவு, அது தனித் தலைப்பு. அந்தப் பட்ஜெட் ஆவணத்திலேயே இரண்டையும் பிரித்துத்தான் காட்டுவார்கள்.

அப்புறம், கல்வி அமைச்சின் கீழ் நேரடியாக இருப்பவை தேசிய பாடசாலைகள். நுவரெலியாத் தோட்டப் பாடசாலைகளில் அநேகமானவை மத்திய மாகாண சபையின் கீழ். அமைச்சின் மூலதனப் பணம் அப்படியே டிக்கோயா மாதிரித் தோட்டப் பகுதிக்கு வந்து சேராது.

ஒதுக்கியது எல்லாம் செலவாவதும் இல்லை. வருட முடிவில் மிஞ்சும் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும், மிச்ச வேலைக்கு அடுத்த வருடம் மறுபடி கேட்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் வெட்டு முதலில் விழுந்ததும் கட்டட வேலைகளில்தான். மேல்மாடிக்கென்று விட்ட தூண் கம்பி துருப்பிடிக்க, கீழே தகரம் போட்டு வகுப்பு நடத்துவதை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள்.

மலையகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது ஜெர்மன் உதவியில். அதையும் பட்ஜெட் கணக்கில் சேர்க்காதீர்கள், ஐயா.